வெட்டு எந்தப் பக்கம் இறங்கும்?

அண்ணன் மகனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. முதல் சம்பளத்தில் பாட்டிக்குச் சேலை எடுத்துக் கொடுத்த பிள்ளை, இந்த முறை பாட்டியை வெளியே சாப்பிட அழைத்துப் போகிறேன் என்றான். வெளியே சாப்பிடுவது என்றால் என் அம்மாவுக்கு வாழையிலைச் சாப்பாடு. அதிலும் பாகற்காய் வறுவலை இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்காமல் வைக்கும் கடையாக இருக்க வேண்டும். அவன் அனுப்பிய முகவரியோ கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் பின்புறம், ஒரு பழைய கடைவீட்டின் மாடி.

"சாப்பாடும் உண்டு, காக்டெயிலும் உண்டு அத்தை. பாட்டிக்குப் பிடிக்கும். தோட்டம் மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள்."

"என்ன தோட்டம்?"

"ரப்பர் தோட்டம்."

நான் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போன இடத்தைப் பார்க்க, மாலை ஏழு மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை அம்மா கவிச்சி தொடமாட்டார் என்பதால் சனிக்கிழமை போனோம். பசார் செனியில் ரயில் இறங்கியதும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் எப்படி என்றார். ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் தம்புசாமிப் பிள்ளை காலத்தில், 1873இல் தொடங்கியது. கோலாலம்பூருக்கு வரும் தோட்டத்துச் சனங்கள் முதலில் கால் வைக்கிற இடம் அதுதான் என்று அம்மா எப்போதும் சொல்வார். கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறும் கையில் தேங்காய் மூடியுமாக மதுக்கூடத்துக்கு நடந்தோம். சங்கடம் எனக்குத்தான். அம்மாவுக்கு இன்னும் எங்கே போகிறோம் என்றே தெரியாது.

வாசலில் இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது என்று பலகை வைத்திருந்தார்கள். முன்பு பதினெட்டாக இருந்தது, 2017 டிசம்பரில் இருபத்தொன்றாக உயர்த்தினார்கள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். சொன்னேன்.

"எனக்கு எழுபத்திரண்டு. அப்படியானால் மூன்று முறை உள்ளே போகலாம்" என்றார்.

மாடியேறி உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் கண் தெரியவில்லை, அவ்வளவு மங்கலான வெளிச்சம். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பிரம்பு நாற்காலிகள். தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றும் மின்விசிறி. அரிக்கேன் விளக்குகள். ஆணியில் தொங்கும் துரைத்தொப்பி. சுவரில் பங்களா, பங்களா வராந்தா, வராந்தாவில் நாய் என்று வரிசையாகப் படங்கள். வேலைக்காரர்கள் இருந்த படம் ஒன்றே ஒன்றுதான். வாளிகளோடு நிற்கும் பெண்கள், அடியில் பெயர் எதுவும் இல்லை. அது கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டியிருந்தது. நான் குற்றம் கண்டுபிடிக்கவென்றே போனவள் என்று அண்ணன் மகன் பிறகு சொன்னான். இருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை அங்கே மாட்டியது நானில்லை.

கூடத்தின் நடுவே நான்கு தூண்கள். ரப்பர் மரத்தின் அடிமரம் போலச் செய்து, பட்டையில் வெட்டுக் கீறி, வெட்டுக்குக் கீழே கம்பியில் மங்கு மாட்டியிருந்தார்கள். மங்கு என்றால் பால் வடியும் கோப்பை. 'மங்கோக்' என்ற மலாய்ச் சொல்லைத் தோட்டத்தார் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். அம்மா தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுவார் என்று நினைத்தேன், எழுந்து போய்விடுவார் என்றும் நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

உணவுப்பட்டியலைச் செக்ரோல் புத்தகம் போல அச்சடித்திருந்தார்கள். செக்ரோல் என்பது கணக்கெழுதும் கிராணியார் கையில் இருக்கும் வருகைப் பதிவேடு, அதில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். இங்கே பெயர் விழுந்திருந்தது மதுவகைகளுக்கு. ஸ்டெங்கா, ஜின் பாஹிட், ஜங்கிள் பேர்ட், கங்காணி.

அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஸ்டெங்கா என்பது விஸ்கியும் சோடாவும். 'செத்தெங்கா' என்றால் மலாயில் பாதி. பாதி விஸ்கி, பாதி சோடா என்று கிளப்பில் உத்தரவு போட்டுப் போட்டு, அந்தப் 'பாதி'யே மதுவின் பெயராகிவிட்டது. ஜின் பாஹிட் என்பது ஜின்னில் கசப்புச் சாறு கலந்தது. பாஹிட் என்றால் கசப்பு. துரைமார் கற்ற மலாயில் ஒரு பகுதி இப்படிக் கிண்ணத்துக்குள் தங்கிவிட்டது.

ஜங்கிள் பேர்டுக்கு மட்டும் இங்கே உண்மையான பிறப்புரிமை உண்டு. 1973இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஹில்டன் ஹோட்டல் திறந்தபோது, அதன் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் என்ற மலேசியர் உருவாக்கியது. கருத்த ரம், கம்பாரி என்ற கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரைப் பாகு. அந்தப் பாரின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பறவைகளை வளர்த்தார்களாம், அதனால் வந்த பெயர். இன்று நியூயார்க்கில் கேட்டாலும் கிடைக்கிறது. உலகம் முழுவதும் போன கோலாலம்பூர் காக்டெயில் என்றால் இதுதான், ஆனால் இந்த ஊரிலேயே பாதிப் பேருக்கு இது நம்முடையது என்று தெரியாது. நான் அதைத்தான் கேட்டு வாங்கினேன். நன்றாகக் கலந்திருந்தார்கள். அன்னாசியின் இனிப்பு முதலில் வந்து, கம்பாரியின் கசப்பு பின்னால் வந்து நாக்கில் நின்றது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தின் மீது எனக்கு எவ்வளவு வழக்கு இருந்தாலும், கலப்பவரின் கைமீது ஒரு குறையும் இல்லை.

அண்ணன் மகன் கங்காணி வாங்கினான். தென்னங்கள், ரம், புளி, குலா மலாக்கா வெல்லம். விலை 52 வெள்ளி, அதாவது ரிங்கிட். மங்கில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"இதற்கு என்ன பெயர் என்றாய்?" என்றார் அம்மா.

"கங்காணி, பாட்டி."

"எவ்வளவு?"

அவன் சொன்னான்.

"கங்காணி இன்னமும் தலைக்காசு வாங்குகிறானா?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. கங்காணி என்பவர் தோட்டத்தில் இருந்து சொந்த ஊருக்கே திரும்பிப் போய், உறவையும் சாதியையும் சொல்லி ஆள் பிடித்துக் கப்பல் ஏற்றியவர். அவர் கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்குகிறார்களோ, அத்தனை தலைக்கும் அவருக்குக் காசு. அதுதான் தலைக்காசு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பிறகு கங்காணி முறை ஓங்கி நின்றது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகுதான் அது நின்றது. அம்மாவின் அப்பா அப்படி வந்தவர். அம்மா கங்காணியைப் பார்த்ததில்லை, தலைக்காசைப் பற்றிய பேச்சை மட்டும் கேட்டு வளர்ந்தவர். எழுபது வருடம் கழித்து அந்தப் பேச்சுக்கு ஒரு பயன் கிடைத்தது.

அந்தப் பட்டியல் முழுவதிலும் இருந்த ஒரே தமிழ்ச்சொல் கங்காணிதான் என்பதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

கள்ளைப் பற்றி அம்மா எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் பெண்கள் போய் நிற்பார்கள், பணம் முழுவதும் உள்ளே போவதற்குள் பாதியையாவது வாங்கிவிட வேண்டும் என்று. சில நாள் பாட்டி போகக் கூச்சப்பட்டு, எட்டு வயது அம்மாவை அனுப்புவார். தாத்தா பெஞ்சில் இருந்து எழுந்து வரமாட்டார், ஆனால் பிள்ளை கேட்டால் கொடுத்துவிடுவார். அந்தக் கடையைத் திறந்து வைத்திருந்ததும் தோட்ட நிர்வாகம்தான். கூலியைக் கொடுத்த கையே கள்ளையும் விற்றது, அந்த லாபத்தில் தொழிலாளர் நலன் பார்க்கிறோம் என்று கணக்கும் எழுதியது. அண்ணன் மகன் மங்குக் கோப்பையை என்னிடம் நீட்டி, ருசி பாருங்கள் அத்தை என்றான். ஒரு வாய் குடித்தேன். கள் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும், காலைக் கள் மாலையில் வேறு பானம். இதில் புளியும் வெல்லமும் அந்தப் புளிப்பை அழகாக மூடியிருந்தன. கள்ளுக்கடை நாற்றம் துளியும் இல்லாத கள்.

அம்மாவுக்கு எலுமிச்சை ஆசாம் பாய் சொன்னோம், உப்பிட்டு உலர்த்திய பிளம் போட்ட சாறு. அதுவும் மங்கில் வந்தது. அம்மா அதைக் கையில் எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்து, விரலை விட்டு ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மங்கு துடைப்பது பிள்ளைகள் வேலை. காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துத் துணிப்பையில் போட வேண்டும். அதுதான் ஒட்டுப்பால், ஊறினால் செத்த எலி மாதிரி நாறும். பணிப்பெண்ணை அழைத்து மலாயில் சொன்னார், "எனக்குக் கண்ணாடித் தம்ளரில் கொண்டுவா அம்மா, இதில் நான் குடிக்கமாட்டேன்." அவள் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல பெண்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் கட்லட் அருமை, அம்மா இரண்டாவது தட்டும் கேட்டார். ரொட்டிமேல் சார்டின் சம்பல் 38 வெள்ளி. டின் சார்டின்தான், வெங்காயம் மட்டும் கூடுதல். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தேங்காய்த் துருவலோடு 28 வெள்ளிக்கு வைத்தார்கள். "ஜப்பான்காரன் காலத்தில் வேறு வழி இல்லாமல் தின்றோம் என்று என் அம்மா சொல்வார். இவர்களுக்கு என்ன வந்தது?" என்றார் அம்மா.

எனக்கு எதிரே சுவரில் ஒரு பழைய சைக்கிள் தொங்கியது. கறுப்பு நிறம், முன்னால் விளக்கு, பின்னால் கூடை, கூடையில் காகிதப் பூ. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்நிற்க வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் இரண்டு வரிகள் எனக்கு மறக்காது. ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இன்னொன்று, சைக்கிளில் போகும் தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அன்று மூடச் சொன்ன கள் மேசைமேல் இருக்கிறது, இறங்கமாட்டேன் என்று சொன்ன சைக்கிள் பூவோடு சுவரில் தொங்குகிறது. இதையெல்லாம் நான் அண்ணன் மகனிடம் சொல்லிக்கொண்டே போனேன், குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அத்தை, இவர்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? கடையை மூட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அடியில் எழுதி ஒட்ட வேண்டுமா?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். எனக்குப் பதில் இல்லை.

பழமையை வைத்துப் பிழைக்கும் இடங்கள் எல்லாம் எனக்கு ஆகாது என்றில்லை. முன்பு பத்து ரோடு என்ற ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் 1921இல் தொடங்கிய கொலிசியம் காப்பிக்கடைக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் போயிருக்கிறேன். தோட்டத்துத் துரைமார் நகரத்துக்கு வரும்போது உட்கார்ந்து குடித்த இடம், ஹைனான் சமையல், சுடச்சுட இரும்புத் தட்டில் ஸ்டேக். அங்கே பழமையை யாரும் வாங்கி மாட்டவில்லை, துடைக்காமல் விட்டதால் தங்கியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனைக்கும் துரை உட்கார்ந்த நாற்காலி அங்கே நிஜமாகவே இருந்திருக்கும். ஆகவே என் கோபத்துக்குச் சீரான தர்க்கம் எதுவும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் போகட்டும், வெள்ளிக்கிழமை இரவுகளில் கோலாலம்பூர்க்காரர்கள் குடிக்கப் போகும் பங்சார் எங்கே இருந்து வந்தது? பங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களை ஒட்டவைத்து ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இட்ட பெயர் அது என்பார்கள். இந்த ஊரில் எங்கே உட்கார்ந்து குடித்தாலும் ஏதோ ஒரு ரப்பர் மர நிரையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

நான் இப்படிப் புகைந்துகொண்டிருந்தபோது அம்மா பிரம்பு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"பங்களாவில் இப்படித்தான் ஒன்று இருக்கும். உன் பெரியம்மா அங்கே ஆயாவாக வேலை பார்த்தாள். ஒரு நாளாவது உட்கார்ந்து பார் அக்கா, துரைதான் ஊரில் இல்லையே என்பேன். உட்காரமாட்டாள்." கொஞ்சம் சாய்ந்து பார்த்தார். "முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது."

அண்ணன் மகன் என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி தெரிந்தது. நான் ஜங்கிள் பேர்டின் மிச்சத்தைக் குடித்தேன்.

ஆனால் அம்மா எழுந்தார். நேராகத் தூணிடம் போனார். பட்டையில் கீறியிருந்த வெட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். மது கலக்கும் மேடைக்குப் பின்னால் நின்ற இளைஞன், தொடக்கூடாது என்று சொல்ல வந்தவன், அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். சீனப் பிள்ளை, இருபத்தைந்து வயதிருக்கும்.

"இது தப்பு" என்றார் அம்மா மலாயில்.

"என்ன தப்பு, ஆன்ட்டி?"

"வெட்டு. இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. இப்படி இறங்க வேண்டும்." காற்றில் கையால் வெட்டிக் காட்டினார். "நீங்கள் திருப்பி வெட்டியிருக்கிறீர்கள். இந்த வெட்டில் பால் வராது."

பால் வராது என்பது கொஞ்சம் மிகை, குறையும் என்பதே சரி. மரப்பட்டைக்குள் பால்குழல்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை, ஏறும்போது சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்தால் கூடுதலான குழல்கள் அறுபடும், கூடுதலாகப் பால் வடியும். இதை எந்தப் பள்ளியிலும் படிக்காத அம்மாவுக்குக் குழல் கணக்கு தெரியாது, கைக்குத் தெரியும். ரிட்லி என்ற ஆங்கிலேயர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பால் எடுக்கும் முறையை வகுத்த ஆரம்ப காலத்தில் மீன்முள் போல இரு பக்கமும் சாய்த்து வெட்டியதும் உண்டு. கடைக்காரர்கள் அப்படிப்பட்ட பழைய படம் எதையோ பார்த்திருப்பார்களோ என்று அவர்கள் சார்பில் வாதாடிப் பார்த்தேன். அந்தத் தூணில் இருந்தது ஒற்றை வெட்டு. சமாதானம் எடுபடவில்லை.

அந்த இளைஞன் மேடையைவிட்டு வெளியே வந்துவிட்டான். உளியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். எலுமிச்சைத் தோல் சீவும் கத்தியை அம்மாவிடம் கொடுத்தான். அம்மா ஒரு எலுமிச்சையைக் கேட்டு வாங்கி, அதன் தோலில் சாய்வாக, மெல்லிய தகடாகச் சீவிக் காட்டினார். "இவ்வளவுதான். இதற்கு மேல் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பான்." எதற்காக விடியும் முன்னே போக வேண்டும் என்று அவன் கேட்டான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றார். ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்றான். நான் வெட்டப் போன புதிதில் மூன்று வெள்ளி சொச்சம் என்றார். அவன் பட்டியலைப் பார்க்கவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்குக் கோப்பையைத் தவிர, துரைத்தொப்பி, கங்காணி, கள், சைக்கிள் எதுவும் அம்மாவைச் சீண்டவில்லை. அவருக்குக் கோபம் வந்தது வெட்டின் சாய்வுக்குத்தான். என் கோபம் நான் படித்து வாங்கியது. அவருடையது வேலைக்காரியின் கோபம், ஒழுங்காகச் செய்யாத வேலையைப் பார்த்தால் வருவது. அதற்காக என்னுடையது பொய்யென்று நான் நினைக்கவில்லை. சைக்கிள் அங்கே இன்னமும் தொங்குகிறது.

கணக்குச் சீட்டு வந்தது. பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து நானூறு வெள்ளியைத் தாண்டியிருந்தது. அம்மா எவ்வளவு என்று கேட்டதற்கு அண்ணன் மகன் கண் இமைக்காமல் நூற்றிருபது என்றான். அதுவே அதிகம் என்றார் அம்மா. சீட்டின் அடியில் ஒரு சதுரக் கட்டம், கைப்பேசியில் படம் பிடித்தால் எங்கள் உணவகத்தைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று பக்கம் திறந்தது. ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று அவன் பாட்டியைக் கேட்டான்.

"நான்கு. மரத்துக்கு ஒன்று குறைத்துக்கொள்."

"காரணம் எழுதச் சொல்கிறார்கள், பாட்டி."

"இடது மேலே, வலது கீழே என்று எழுது. நான்கு மரத்தையும் மாற்றச் சொல்." தேங்காய் மூடியைப் பைக்குள் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எழுந்தார். படி இறங்கும்போது திரும்பி, "மீன் கட்லட் நன்றாக இருந்தது என்றும் எழுது" என்றார்.